யாரையும் முந்தவிடாத மிளகு

2026 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. இன்று கறந்த பால்: சைபர்.

மித்ரா,

பதறாதே. சைபருக்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகத்தான் எழுதுவேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. ஜீவனஹள்ளி வீட்டில் நானும் உன் அம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருந்தால் எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நான் இதைக் குதிரைப் பண்ணை ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நம் தெரு கேரல் ஆன்ட்டி மகன் டேரில் டப்ளினுக்குக் கிளம்புகிறான், உன் அம்மா அவன் பெட்டியில் பாதியைப் பருப்புப் பொடிக்கும் நார்த்தங்காய்க்கும் பிடித்து வைத்துவிட்டாள், மீதியில் இந்தக் கடிதம். போனில் நீ மிளகைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அப்பா எதையோ மறைக்கிறார் என்று அம்மாவிடம் புகார் செய்தாயாமே. மறைக்கவில்லை. முடிவு தெரியாத விஷயத்தைப் பேச எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

முடிவு தெரியாமல் இருந்தது இதுதான். இரண்டு வருஷமாக மிளகுக்குச் சினை பிடிக்கவில்லை. இரண்டு வருஷமும் ஸ்கேன் எடுத்தவன் நான், திரையில் ஒன்றும் இல்லை என்று சொன்னவனும் நான். பத்தொன்பது வயதுக் குதிரைக்குத் தீனி போட்டு என்ன ஆகப்போகிறது என்று மேனேஜர் ப்ரஹ்லாத் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டார். நந்தி மலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஆளை ஏற்றிப் போட்டோ எடுக்கக் குதிரை கேட்கிறார்கள், மார்ச் கடைசியில் வண்டி வரும் என்றார். டெர்பி ரேஸ் ஜெயித்தவள் முதுகில் ஹனிமூன் ஜோடி. அவளை அனுப்பிவிடாதீங்க அப்பா என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன், பதில் அனுப்பவில்லை. பண்ணையில் எனக்கு என்ன அதிகாரம், ஸ்கேன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்.

நேற்று மதியம் பண்ணை மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது டெர்பி நடந்த அந்த ஜூலை மாதம்தான் நினைவுக்கு வந்தது. உனக்கு ஐந்து வயது. எனக்கு இருபத்தைந்து, உன் ஸ்கூலில் மிஸ் என்னைப் பார்த்து அண்ணனா என்று கேட்ட காலம். விடியற்காலையில் ஸ்கூட்டர் முன்னால் உன்னை நிற்கவைத்து, கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் சூடாக ஒரு பன் வாங்கிக் கொடுத்து, ரேஸ் கோர்ஸ் லாயத்துக்குக் கூட்டிப்போவேன். குதிரைக் கால்களுக்கு நான் எக்ஸ்ரே எடுப்பேன், நீ தள்ளி நின்று பன் தின்பாய். பெப்பர் வாட்டர் என்றுதான் அவளுக்கு ரேஸ் புத்தகத்தில் பெயர், லாயத்தில் எல்லோருக்கும் மிளகு. பக்கத்தில் எந்தக் குதிரையும் வரக்கூடாது அவளுக்கு. அதனால்தான் பிளிங்கர்ஸ் போட்டு ஓட்டினார்கள், கண்ணுக்கு இரண்டு பக்கமும் மறைப்பு, எதிரே தடம் மட்டும்தான் தெரியும். கேட் திறந்தால் முன்னால், கடைசிவரை முன்னால். டெர்பி அன்று மழை, லாயத்துப் பக்கக் கம்பி ஓரம் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். கோல்டன் ஃபர்ன் என்ற வெளுத்த குதிரை கடைசி வளைவில் இவள் தோள் வரை வந்தது, இவள் காது இரண்டும் பின்னால் மடங்கியது, அரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தாள், ஜெயித்த பிறகும் ஆத்திரம் தீராமல் அதைக் கடிக்கப் போனாள். நீ என் முடியைப் பிடித்து இழுத்த இடம் இன்னும் வலிக்கிறது. அவள் தோற்றது ஒரே ஒரு முறை, அன்று உனக்கு அம்மை போட்டிருந்தது, நாம் போகவில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு அவள் வேறு குதிரை. பிளிங்கர்ஸைக் கழற்றி, முதுகில் துணி போர்த்தி, வட்டத்தில் மெதுவாக நடத்தி, வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுவார், பிறகு அவளோடு பண்ணைக்கும் வந்துவிட்ட நம் கோவிந்தப்பா. அந்த நடையின் முடிவில்தான் உன் கையிலிருந்து வெல்லம் வாங்கித் தின்பாள். மற்ற நேரத்தில் உன் கையே போயிருக்கும்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று எழுதியவன், குதிரை வம்சாவளி எழுதும் ஸ்டட் புத்தகம் பார்த்ததில்லை. அவளுடைய முதல் ஸ்கேனுக்கு லீவு நாளில் நீயும் கூட வந்தாய், திரையில் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டியதும், அப்பா, மிளகுக்குள்ள மிளகு என்றாய், பண்ணை டாக்டர் டென்சில் அதை இன்றுவரை எல்லா முதலாளிகளிடமும் தன் ஜோக் போலச் சொல்கிறார். எட்டுக் குட்டிகள் போட்டாள். ஒன்று மைசூரில் சின்ன ரேஸ் ஒன்று ஜெயித்தது, மற்றது எல்லாம் கூட்டத்தோடு ஓடிக் கூட்டத்தோடு வந்தவை. முதல் குட்டியை உதைத்தே தள்ளினாள், ஒரு வாரம் ஆள் பிடித்து நின்றுதான் அது பால் குடித்தது. மற்ற ஏழுக்கும் பால் கொடுத்தாள், கொடுத்ததும் நகர்ந்துவிடுவாள். நக்கினதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை.

இனி இந்த வருஷம். பிப்ரவரி நடுவில் இங்கே ஒரு குதிரை குட்டி போட்டுவிட்டு, உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டு அன்றைக்கே செத்துப்போயிற்று. ஆண் குட்டி. பால்பவுடர் கலக்கிப் பாட்டிலில் கொடுத்தார்கள், கழிச்சல் கண்டு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் நீ அங்கே வேலை பார்க்கும் குதிரைப் பண்ணையில் செய்வதை எழுதி அனுப்பினாய், குட்டி போட்டுப் பழகிய குதிரைக்குச் சினை இல்லாவிட்டாலும் ஊசி போட்டுப் பால் வரவைக்கலாம், அநாதைக் குட்டியைச் சேர்த்துவிடலாம் என்று. நான் அதை அப்படியே டென்சிலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, யாரு, அந்த பன் தின்னுக்கிட்டு நிக்குமே அந்தப் பொண்ணா என்றார். அதேதான் என்றேன். ப்ரஹ்லாத்திடம் நான் நேராகவே கேட்டேன், குட்டி பிழைத்தால் மிளகு இங்கேயே இருப்பாளா. அவர், ஃபர்ஸ்ட்டு, பால் வரட்டும் நரேஷ், அப்புறம் பேசலாம், இவ குட்டியக் கொன்னுட்டான்னா நானும் நீயும் பேச ஒண்ணும் இல்ல என்றார். நியாயம்தான். கோவிந்தப்பா மட்டும், ஆகோதில்லா சார், இவளுக்குத் தன் குட்டியே ஆகாது, அடுத்தவ குட்டியா ஆகும் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு கூத்து, அந்தக் குட்டி கோல்டன் ஃபர்னின் பேரன். அந்த வெளுத்த நிறம் அப்படியே.

ஊசி ஆரம்பித்து ஒரு வாரத்தில் மடி கனத்தது. கோவிந்தப்பா திட்டிக்கொண்டே ஒரு நாளைக்கு ஆறு முறை கறந்தார். நேற்றுக் காலை டென்சில் கையை விட்டுக் கருப்பை வாயைத் தடவி, பிரசவம் ஆகிவிட்டது என்று அவள் உடம்பை நம்பவைக்கும் அந்த வேலையைச் செய்தார், நீ எழுதியபடியே. வாசனை தெரியாமல் இருக்க அவள் மூக்கிலும் குட்டியின் முதுகிலும் விக்ஸ் தடவினோம், லாயம் முழுக்கச் சளி பிடித்த வீடு மாதிரி நாற்றம். அடுத்த யோசனை என்னுடையது. பின்னால் வரும் குட்டியைப் பார்த்தால்தானே உதைப்பாள், பார்க்கவே வேண்டாம் என்று, சாமான் அறையில் கிடந்த அவளுடைய பழைய பிளிங்கர்ஸை எடுத்து வந்து மாட்டினேன். நீ கண்ணை மூடச் சொல்லி எழுதவே இல்லை, நானாகச் சேர்த்தது. மாட்டிய நிமிஷம் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முன்கால் இரண்டும் தாளம் போட்டன. இரண்டு பக்கம் சுவர், கண்ணுக்கு மறைப்பு, பின்னால் இன்னொரு குதிரை மூச்சு. பதினான்கு வருஷம் கழித்து அவளை நான் ஸ்டார்ட்டிங் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கதவை மார்பால் இடித்தாள், குட்டி பக்கம் பாய்ந்தாள், டென்சில் குட்டியோடு சேர்ந்து வைக்கோலில் விழுந்தார். ப்ரஹ்லாத் வாசலிலிருந்தே, போதும், நாளைக்கே அந்த ரிசார்ட்காரனுக்குப் போன் போடறேன் என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நான்தான் கத்தினேன், ரேஸ் முடிஞ்சாச்சு, அவளைக் கழட்டி நடத்துங்க என்று. வாயிலிருந்து வந்த பிறகுதான் அதில் அர்த்தம் இருப்பது எனக்கே தெரிந்தது. பிளிங்கர்ஸைக் கழற்றினோம். முதுகில் துணி போட்டோம். கோவிந்தப்பா பழையபடி வட்டத்தில் நடத்தினார், வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். டென்சில் குட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால். நடந்துகொண்டே இருந்தார்கள், வெயில் ஏறியது, ஆனது ஆகட்டும், குட்டியை விடுங்க என்று இரண்டு முறை சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவள் தலையைத் தாழ்த்தி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தெரியுமே உனக்கு அந்த மூச்சு, வெல்லத்துக்கு முந்தின மூச்சு. டென்சில் மறுபடியும் கையை விட்டுத் தன் வேலையைச் செய்தார், குட்டியை மடிக்கு விட்டோம். பின்னங்காலைத் தூக்கினாள். கோவிந்தப்பா, ஐயோ தேவரே என்றார். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தாள். சப்புச் சப்பென்று சத்தம் கேட்டது. அவள் கழுத்தைத் திருப்பி, விக்ஸ் நாற்றம் பிடித்த அந்த முதுகை மோந்து, அடித்தொண்டையில் மெதுவாகக் கனைத்தாள். எட்டுக் குட்டிக்குக் கேட்காத சத்தம். டென்சில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தூசி என்றார், இருக்கலாம்.

சைபருக்குக் காரணம் அதுதான். கறக்க ஒன்றும் இல்லை, எல்லாம் குடித்துவிட்டான்.

இன்று காலை ஆறு மணிக்கு இரண்டு பேரையும் முதல் முறையாக வெளியே புல்வெளியில் விட்டோம். வழக்கம்போல் அவள் முன்னால் ஒரு நீளம். குட்டி கால் பின்னிப் பின்னி ஓடிவந்து அவள் தோளுக்குச் சமமாக வந்தான். காது பின்னால் மடங்கியது. கோவிந்தப்பா கேட்டைத் தாண்டி ஓடத் தயாரானார். அவள் ஓட்டத்தைக் குறைத்தாள், மித்ரா. வேண்டுமென்றே குறைத்தாள், எனக்குக் குதிரைக் காலைப் படிக்கத் தெரியும். குட்டி தாண்டிப் போனான், வேலிவரை போனான், அவள் அவன் பின்னால் போனாள். அவளுக்கு முன்னால் ஒரு குதிரை வாலை நான் பார்த்தது இதுதான் முதல் முறை. ப்ரஹ்லாத் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு அநாதைக் குட்டியாவது வருது, இவ இருக்கட்டும் நரேஷ் என்றார்.

உன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டுவிட்டு, அந்தக் குதிரைக்கு வந்த புத்தி இன்னும் சிலருக்கு வரலையே என்றாள். நீ கிளம்பின அன்று ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேனாம், நீங்கள் இரண்டு பேரும் எங்கோ பின்னால், பொண்ணு போறது அவ வேலைக்கு, நீ எங்க போற இவ்ளோ வேகமா என்று அங்கேயே கேட்டவள் அவள். ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் அப்படித்தான், உன் செருப்புச் சத்தம் பின்னால் ஓடிவந்துகொண்டே இருக்கும், நான் திரும்பினதில்லை. சத்தம் கேட்கிறதே, வருகிறாள் என்று இருந்துவிட்டேன்.

ராத்திரி டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. ஈர சாக்ஸோடு நிற்காதே, பல முறை சொல்லிவிட்டேன். பொடியை உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு, நார்த்தங்காயை மட்டும் ஒளித்து வை. உன் யோசனையால் இங்கே இரண்டு உயிர் நின்றிருக்கிறது, அதை நீ அங்கே உன் மேலதிகாரியிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தம்மம் உன்னைக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே அமையட்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
நரேஷ்

இனி நான் செய்யப்போவது:

1. ப்ரஹ்லாத் மனம் மாறுவதற்குள் ரிசார்ட்டுக்கு நானே போன் செய்து, வண்டி வேண்டாம் என்று சொல்வது.
2. பிளிங்கர்ஸைத் துடைத்து இந்தப் பார்சலில் வைப்பது. உன் அறைச் சுவரில் மாட்டு. இங்கே யாருக்கும் இனி அது வேண்டாம்.
3. அடுத்த ஞாயிறு உன் அம்மாவைப் பண்ணைக்குக் கூட்டிவந்து காட்டுவது, வெல்லத்தோடு.
4. டிசம்பரில் நீ வரும்போது ஏர்போர்ட்டில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உனக்குப் பின்னால் நடப்பது.