வீட்ல யாரும் இல்லீங்க

வளவனூர்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எதையெல்லாம் வீடு என்று ஊர் சொல்கிறது என்பதுதானே என் ஆய்வு. நேற்று ஒரு கதவைத் தட்டினேன். "வீட்ல யாரும் இல்லீங்க" என்றது ஒரு பெண் குரல். ஆம்பளைகள் இல்லை என்று அர்த்தம், நம் கம்பம் வீட்டில் நீ சொல்வதுபோல. அவசரத்தில் 'காலி வீடு' என்று எழுதிவிட்டேன்.

இன்று அதைத் திருத்த அதே வீட்டுக்குப் போனேன். வெளியே துருப்பிடித்த பூட்டு தொங்கியது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர், "அங்க யாரும் இல்லம்மா, வருசக்கணக்கா பூட்டியேதான் கெடக்குது" என்றார். எலியாக இருக்கும், பயப்படாதே.

சாயங்காலம் என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். என்னையறியாமல், "யாரும் இல்லீங்க" என்றேன். தட்டியவர் போய்விட்டார்.

தபால் எடுக்கும் நேரம். என் பழைய போர்வையை அனுப்பு. கதவை யார் தட்டினாலும் இனி உன் பெயரைச் சொல்லு, அம்மா.

மகள்
முத்தழகி