குவாதலூப்பை மறைத்த தீர்த்தம்

அன்பு மகளுக்கு,

குவாதலூப் தீவில் நாம் பொறுக்கிய கிரெயோல் சொற்கள் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கின்றன. நேற்று லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடையில், பரவாயில்லை என்பதற்கு 'பா நி ப்வொப்லெம்' என்றேன். பக்கத்தில் உன் பெரியம்மா.

"நீ லூர்துக்கெல்லோ போனனி? இதென்ன பாஷையடி?"

உன் அப்பாவின் முதலாண்டு ஆட்டத்திவசம் முடியுமுன் நாம் அந்தத் தீவின் கடற்கரைக்குப் போனதை மறைக்க, லூர்து மாதாவிடம் போனதாகச் சொன்னது என் பிழை. பெரியம்மா லூர்துத் தீர்த்தம் கேட்டபோது குழாய்த் தண்ணீரைப் போத்தலில் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை.

"அந்தத் தண்ணி குடிச்ச நாளிலையிருந்து நெஞ்சு நோவேயில்லை. நெஞ்சுக்குப் போடுற குளிசையை விட்டிட்டன்," என்றார் கடையிலேயே.

நேற்றிலிருந்து இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இக்கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு உண்மையைச் சொல்ல நேரே அங்கேதான் போகிறேன். உனக்கு எழுதியபின் நான் பின்வாங்க முடியாது.

உன் அம்மா