கறிவேப்பிலை கேட்கப் போகிற விபிஎன்

நிரோஜி,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். உன் பெயரில் அர்ச்சனை செய்ய இணுவில் கோயிலுக்குப் போகிறேன்.

அங்கே அடைத்திருக்கிற வட்ஸ்அப்பைத் திறக்க நாளை நீ சீனாவுக்குக் கொண்டுபோகிற சாதாரண விபிஎன்னை நம்பாதே. முன்வீட்டு உதயகலாவின் மகனும் அதைத்தான் கொண்டுபோனானாம். அங்கே கண்டுபிடித்து அடைத்துவிட்டார்களாம். ஒரு மாதம் வட்ஸ்அப் இல்லாமல் தாய் அழுதபடி. வேஷம் போடுகிற விபிஎன் இருக்கிறதாம். பார்க்கிறவனுக்கு, யாரோ சும்மா இணையத்தளம் பார்ப்பதாகத்தான் தெரியுமாம். எங்கள் வளவிலேயே மரம் நிற்க, நான் கறிவேப்பிலை கேட்டு அவள் வீட்டுக்குப் போய் இந்த ஊர்வம்பு விடுப்பை அறிந்து வந்தேனே, அதே வித்தை! அங்கே போய் அதைத் தரவிறக்க முடியாதாம். இன்றைக்கே போனில் அப்படி இரண்டு விதமானதைப் போட்டுவிடு.

"உங்கடை ஊர் விடுப்புக் கேக்க நான் கோல் எடுக்கமாட்டன்" என்று நேற்றுக் கத்தினாய். சரி.

அம்மா

பி.கு: போய் இறங்கியதும் கோல் எடு. நீ கதைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் போதுமான கதை என்னிடம் இருக்கிறது.