‘நிறுத்து’ என்ற ஆறாவது பாட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நீயும் உன் கூட்டாளிகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஆரம்பித்ததும் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நான் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதி முடித்ததும் மாப்பிள்ளை படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார், உங்கள் ரெக்கார்டு அச்சுக்குப் போவதற்குள் நீ படித்தாக வேண்டும்.

நீ அனுப்பிய புது ஆல்பத்தை மாப்பிள்ளை காரில்தான் போட்டார், வீட்டில் போட்டால் பக்கத்து வீட்டில் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று. வாசலில் நிறுத்திய காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நானும் உன் அக்காவும் பின்னால் உட்கார்ந்தோம். முதல் பாட்டிலேயே எனக்குப் பல் கூசியது. பாடுகிறானே அந்தக் கரடி, அவன் தொண்டை என்னத்துக்கு ஆகும், வெந்நீராவது குடிக்கிறானா? டெத் மெட்டல் என்றால் இப்படித்தான் என்று நீ முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், நடுநடுவே டிரம்ஸ் தனியாக வரும்போது மட்டும் என் பிள்ளை கையாச்சே என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறாவது பாட்டில் திடீரென்று எல்லாம் அடங்கி உஸ், டக், உஸ், டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது என்ன என்று புத்திக்கு எட்டுவதற்குள் என் கை குழாயைச் சரிசெய்ய முன்னால் போய்விட்டது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின். அப்புறம் அவர் குரல், “போதும்! நிறுத்து!” என்று. உடனே நீங்கள் எல்லோரும் சேர்ந்து இடி மாதிரி இறங்கினீர்கள், அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கே அவள் உன்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டது உனக்குத் தெரியும். நீ அவளிடம், மெஷின் தாளத்துக்காகப் போனை மேஜைமேல் பதிவு போட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன், திரும்பி வந்து கேட்டால் இது இருந்தது, அதற்குமேல் கேட்க முடியவில்லை, ஆனால் இதுதான் உண்மை, அதனால் வைத்தேன் என்று சொன்னாயாம். அப்பாவின் கடைசி நாட்களில் டாக்டர், வைத்தியத்தை இனி எதற்கு இழுப்பது என்றபோது இழுத்துப் பார்க்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். இப்போது சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். “அப்பா நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்காரும்மா, நான்தான் காதுல வாங்கல. தம்பிய அத எடுக்கச் சொல்லு, இல்லன்னா அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய் அங்கே எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். பஸ் நிலையத்தில் வேலையில் இருக்கும்போது மைக்கில் நாலாம் நடைமேடை என்பதை ஏழாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டேன், பாவம் ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக ஓடினார்கள். மேலாளர் வந்து, “என்னக்கா, ஊரையே ஓட வச்சுட்டீங்களே” என்றார்.

அதற்கு மறுநாள்தான் என் விசாரணை ஜன்னலுக்கு ஒரு ஆள் வந்தான், இரண்டு காதிலும் இயர்போன். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டான், கேட்டான் என்றா சொல்வது, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான். தான் கத்துவது அவனுக்கே தெரியவில்லை. எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ மருந்துக்கடைக்குப் போனாய் பார், அப்போது அப்பா என் காதோடு, பையன் என்னதான் வாசிக்கிறான், போடேன் என்று முனகினார். உன் முதல் ஆல்பத்தை என் போனில் போட்டு அவர் காதில் இயர்போனை மாட்டினேன். அதனால்தான் உன் பதிவில் பாட்டு இல்லை, மெஷினும் அவர் குரலும்தான் இருக்கின்றன. அத்தனை நாளாக முனகிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? காதில் உன் சத்தம், அதனால் கத்தினார். “போதும்! நிறுத்து! காதே போச்சு!” என்றார். நான் கழற்றினேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “இதுல நம்ம பய எது?” என்றார், டிரம்ஸ் என்றேன். “கை நிக்காம அடிக்கிறானே. இன்னொரு வாட்டி போடு” என்றார். நீ வருவதற்குள் தூங்கிவிட்டார், அன்றைக்குச் சாயங்காலமே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அந்தப் பதற்றத்தில் இது எனக்கே மறந்துபோயிற்று.

அக்காவிடம் சொன்னேன். “என் வாயை அடைக்கக் கதை கட்டுறியா?” என்றாள். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “வேற என்ன சொன்னார்?” என்றாள். இன்னொரு வாட்டி போடச் சொன்னார் என்றதும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எதையும் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பக் கேட்கிற மனுஷன்தானே அவர். “தம்பிய எடுக்கச் சொல்லாத. முழுசா அனுப்பச் சொல்லு” என்றாள், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அதனால் நீ கேட்காமல் விட்ட மீதியை இப்போதே போட்டுக் கேள். பதிவு நடுவிலேயே நின்றுபோயிருக்குமோ என்று எனக்குப் பயம்தான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தது இதுதான், பக்கத்தில் இருந்தவள் சொல்கிறேன். பாட்டு உன்னுடையது, வை, மாற்று, அது உன் வேலை, எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் மேடையில் அதை வாசிக்கும்போது அப்பா சாவைக் கேட்டார் என்று நினைத்துக்கொண்டு அடிக்காதே ராசா. அவர் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உன் கையும் காலும் நோவில்லாமல் இருக்கட்டும், உன் கூட்டம் ஒற்றுமையாக இருக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் அமையட்டும். மணிக்கட்டுக்குத் துணி சுற்ற மறக்காதே. அக்காவை முதலில் நீ கூப்பிடு, அவள் கூப்பிடட்டும் என்று இருக்காதே.

உன் பதிலுக்குப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா