கட்டைவிரல் கேட்கும் அழைப்புப் பெட்டி

அனுப்புநர்:
கா. சின்னத்தம்பி,
தோட்ட வீடமைப்பு, ரெம்பியா, மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு மயூரன் அவர்கள்,
திட்ட அதிகாரி, இல்ல நோயாளர் கருவித் திட்டம், மலாக்கா.

பொருள்: என் மனைவி இருசம்மாளுக்குத் தந்த அழைப்புப் பெட்டியைப் பறிக்காமல், அவரால் இயக்கக்கூடிய பொத்தானைப் பொருத்தித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தசைகள் செயலிழக்கும் நோயால் என் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறார். பேச்சு போய்விட்டது. கைகால் அசையாது. தலையை மட்டும் இடப்பக்கம் சற்றுத் திருப்புவார். சளி அடைத்தால் நான் ஓடிப்போய் உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். அதற்காகவே தங்கள் இலாகா, பொத்தானை அமுக்கினால் அலறும் பெட்டியொன்றை வடிவமைத்துத் தந்தது. பொத்தானைக் கட்டைவிரலால் பலமாக அமுக்க வேண்டுமாம். கையசையாதவருக்கு இப்படியொரு பெட்டி செய்ய, குளிரூட்டிய அறையில் அமர்ந்து யோசிப்பவர்களால்தான் முடியும்.

2. பெட்டியைப் பொருத்த வந்த தங்கள் ஊழியர் யுகேந்திரன், “சும்மா அமுக்குனா போதும்லா அண்ணே” என்று தம் விரலால் அமுக்கிக் காட்டினார். மிக நன்றாக அலறியது. அவர் விரலுக்கு ஒரு குறையும் இல்லை.

3. சென்ற மாதக் கடைசியில் நான் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது சளி அடைத்துக்கொண்டது. பெட்டி வாய் திறக்கவில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அன்னம்மா, என் மனைவியின் முகம் நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டு கத்தினார். நான் ஓடிவந்து சளியை எடுத்ததால் என் மனைவி பிழைத்தார்.

4. புகார் செய்தேன். வந்து பார்த்த தங்கள் ஆட்கள், குடும்பத்தார் குங்குமம் பூசிக் கருவியைப் பழுதாக்கிவிட்டதால் அதைத் திரும்பப் பெறலாம் என்று எழுதிச் சென்றனர். ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது உண்மை. உயிரைக் காக்கும் பொருள் என்று நம்பி வைத்தோம். அன்றே என் மோட்டார் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தேன். அது இன்னும் ஓடுகிறது. பெட்டியும் பழுதாகவில்லை, நான் அமுக்கினால் இப்போதும் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

5. கன்னம் பட்டாலே அலறும் மெத்தென்ற பொத்தானைத் தலையணையின் இடப்பக்கம் வைத்தால் போதும். கேட்டிருந்தால் என் மனைவியே முதல் நாளில் சம்மதம் சொல்லியிருப்பார். ஆம் என்பதற்குக் கண்ணை மூடுவார். அவரிடம் கேட்கத் தங்கள் இலாகாவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, பெட்டியை எடுத்துப்போக அல்ல, பொத்தானை மாற்ற ஆள் அனுப்புங்கள். அடுத்த முறை சளி அடைக்கும்போது கறிவேப்பிலை கேட்டு யாரும் வராமல் போகலாம்.

பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கு என் மனைவியின் கைரேகை வாங்கியதும் யுகேந்திரன்தான். துவண்டு கிடந்த கையைத் தாமே தூக்கி, கட்டைவிரலை மையில் தோய்த்து, தாளில் அழுத்தி, மீண்டும் மெத்தையில் வைத்தார். பிறகு அதே விரலால் பொத்தானை அமுக்கச் சொன்னார். இம்மனுவிலும் என் மனைவியின் கைரேகை தேவைப்பட்டால் யுகேந்திரனையே அனுப்புங்கள். அந்த விரலைத் தூக்கிப் பார்த்தவர் தங்கள் இலாகாவில் அவர் ஒருவர்தான்.

இடம்: ரெம்பியா
நாள்: 18.11.1996

இப்படிக்கு,
கா. சின்னத்தம்பி