கழுவாத பேனர்

ஐப்பசி 14, வெள்ளி இரவு

ஆட்டுப் புழுக்கை ஒட்டிய பிளக்ஸ் பேனரைக் கழுவாமலே தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். பதினெட்டு வருட வக்கீல் தொழிலில் இவ்வளவு நேரம் யோசித்து நான் எடுத்த முடிவு வேறில்லை. ஆதாரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அந்தப் பேனர், அரிசி ஆலை முதலாளியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்தது. விழா முடிந்ததும் எங்கள் தெரு செல்வி அதைத் தன் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார். அந்த ஆலையில் ஆறு வருடம் நெல் காயவைத்தவர். இரண்டு வருட ஓவர்டைம் கூலி இன்னும் வரவில்லை.

விசாரணையில் முதலாளி, "இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க சார்" என்றார். நான் பேனரை விரித்தேன். அதில் அவர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். கீழே, "எங்கள் குலதெய்வமே!" என்று கும்பிடும் தொழிலாளர் வரிசையில் மூன்றாவது படம் செல்வி.

"யாரு வச்ச பேனருங்க இது?" என்று அதிகாரி கேட்டார்.

தானே காசு கொடுத்து அடித்தது என்று பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? "நம்ம மில்லு ஆளுங்க பிரியப்பட்டு வச்சதுங்க" என்றார்.

"இப்ப தெரியுதா மொதலாளி, என்னைய?" என்றார் செல்வி.

அதிகாரி முதலாளி சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். சம்பளப் பதிவேட்டோடு அடுத்த வாரம் வரச் சொன்னார். கூலி கிடைத்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. அதற்குள் முதலாளி பதிவேட்டைப் புதிதாக எழுதாமல் இருந்தால்...

பேனரைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மாலையிலிருந்து மழை. செல்வியின் நான்கு ஆடுகளும் என் வீட்டு முன்னறையில் படுத்திருக்கின்றன.