துளி பிந்தி வரும் குரல்

10-12-2006, ஞாயிறு

இன்று ஸ்டெல்லா கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுக்கு ஸ்டுடியோவுக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண். எப்போதும் அக்காவோடு சேர்ந்துதான் பாடுவாளாம். அக்காவைக் குண்டடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் பாட அனுப்புவதில்லை.

"பல்லவிக்கு மட்டும் எக்கோ வெச்சுக் குடுங்கண்ணா. கூட ஒருத்தரு பாடுற மாதிரி இருக்கோணும்."

வைத்தேன். பாட்டு நிமிடத்துக்கு எண்பது தட்டு. எக்கோவை எழுநூற்றைம்பது மில்லிசெகண்டில் நிறுத்தினால் திரும்பி வரும் குரல் அடுத்த தட்டில் விழும். கச்சிதமாக விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது எங்கக்கா இல்லீங்க. அவ துளியூண்டு லேட்டாத்தான் எடுப்பா."

எரிச்சல் வந்தது. தாளம் தப்பினால் கேட்கிறவர்கள் என்னைத்தான் குறை சொல்வார்கள் என்றேன். அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். வேறு வழியில்லாமல் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எண்ணூறை நெருங்கும்போது கையைத் தூக்கினாள்.

"இதேதானுங்க!"

மறுபடி பாடும்போது மைக் முன்னால் அரை அடி நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

நல்ல டேக். அதைத்தான் வைத்தேன்.

அறைக்கு வந்து பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. தூத்துக்குடியை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. நான் முந்துவேனா பிந்துவேனா என்று கேட்டால், சொல்ல இந்த ஊரில் ஒருத்தர்கூட இல்லை.